தங்கள் மகள் இன்று வரவில்லை

என் பெயரை வகுப்பில் முதன்முதலாகக் கூப்பிட்ட அன்று நான் வகுப்பில் இல்லை. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். திருவள்ளூரிலிருந்து ஆவடிக்கு வரும் மின்சார ரயிலில், எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த கொய்யாக்காரம்மா முறைக்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தேன். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுபோனது.

அது என்ன பெயர் என்று இங்கே எழுதப் போவதில்லை. பழைய பெயரை எழுதப் பிடிக்காது. புதிய பெயரை வாங்க நான் பட்ட பாட்டுக்கு, அதைக் கண்டவர் கையிலும் கொடுக்க மனசு வருவதில்லை. கஞ்சத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை ஆண்பிள்ளை என்று சொல்லி வளர்த்தார்கள். நான் பெண். இதற்கு மேல் விளக்கம் கேட்பவர்களிடம் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும். அதனால் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். எத்தனையோ வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. ஒரு பாகத்தில் வேறொரு பாகத்தின் அட்டை தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் அப்படித்தான். மிளகாய்த்தூள் டப்பாவில் மல்லித்தூள் இருந்தால் அன்றைக்கு அம்மாவுக்கு அர்ச்சனை. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், பிறந்ததிலிருந்து என்மேல் தப்பான அட்டை தொங்குகிறது என்று எந்த வாயால் சொல்வது? நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். ஒரு நாள்கூட லீவு போடாமல் கல்லூரிக்குப் போனேன். வீட்டைவிடக் கல்லூரியில் மூச்சு விட முடிந்தது என்பதுதான் காரணம், படிப்பின்மேல் பக்தி எல்லாம் இல்லை.

கல்லூரி பூந்தமல்லி போகும் ரோட்டில் இருந்தது. மெட்ரோ வேலைக்காக ரோட்டைப் பாதியாக மறித்துவைத்திருந்ததால் பஸ் ஊர்ந்துதான் போகும். கல்லூரியில் மாணவர்களுக்கு மாணவர்களே துணை என்று ஒரு குழு இருந்தது. மனசில் எதுவானாலும் போய்ப் பேசலாம். அதற்கு ஒதுக்கிய அறை விளையாட்டுச் சாமான் அறையை ஒட்டியிருந்தது. சுவர் தாண்டி வரும் கிரிக்கெட் பேடு வாடையில்தான் நான் என் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, 'நான் பொண்ணு' என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்தவள் முதுகலை படிக்கும் அக்கா ஒருத்தி. அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் மூன்று விஷயங்களை அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: கேள், அறிவுரை சொல்லாதே, அவர்களுக்காக நீ பேசாதே. அக்கா அதை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன கேட்டாலும், "நீ இன்னா நினைக்கிற?" என்பாள். என் பெயரை மாற்ற முடியுமா அக்கா என்றால், "நீ இன்னா நினைக்கிற?" செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒருநாள் சொன்னபோது மட்டும் அவள் அப்படிக் கேட்கவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதி எல்லாரும் வீட்டுக்குப் போகும்வரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வரவில்லை. பொய் சொல்கிறேன், கொஞ்சம் வந்தது.

பெயர் விஷயத்தில் அவசரம் ஒன்று இருந்தது. கடைசி செமஸ்டர் ஹால் டிக்கெட்டுக்குக் கல்லூரி அனுப்பும் பெயர்தான் மார்க் ஷீட்டில் வரும், அதுவேதான் பட்டத்தில் வரும். அது தப்பினால், பட்டம் வாங்கியபின் ஒவ்வொரு வேலை வாசலிலும் நான் நின்று, இந்தப் பெயர் என்னுடையதில்லை ஐயா, ஆனால் இந்தப் பட்டம் என்னுடையது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். 

முதல்வர் மறுப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "திருநங்கை அடையாள அட்டைக்கு விண்ணப்பிச்ச ரசீது கொடும்மா, மாத்திடலாம். அட்டை வந்ததும் நகல் கொடு" என்றார். அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் நான் இரண்டு தடவை நன்றி சொன்னேன்.  வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றும் நான் கேட்டுக்கொண்டேன். சரி என்றார். பிறகு குழு அறையில் உட்கார்ந்து நானும் அக்காவும் ஒவ்வொன்றாக யோசித்தோம். புதுப் பெயர் போட்ட ஐடி கார்டை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அக்காவிடம் கொடுத்துவிடுவது. ரெக்கார்டு நோட்டுக்கு மேலட்டையில் பெயர் எழுதாமல் விடுவது. பஸ் பாஸ் பழைய பெயரிலேயே இருக்கட்டும். ஓட்டையெல்லாம் அடைத்துவிட்டோம் என்று நினைத்தோம்.

அடையாள அட்டைக்காகத் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் சொல்லாமல் கிளம்பினேன். வழக்கமான ஜீன்ஸ், தொளதொள குர்த்தா, முதுகில் கல்லூரிப் பை. அக்கா கூட வந்தாள். காரியம் நல்லபடி முடிந்தது. திரும்பும் ரயிலில் திருநின்றவூர் தாண்டும்போது என் வகுப்புத் தோழி போன் செய்தாள்.

"ஏய், எங்கடி கீற? இன்னிக்கு அட்டெண்டன்ஸ்ல உன் புதுப் பேரைக் கூப்ட்டாங்கடி! கிளாஸே திரும்பிப் பாத்துச்சு!"

கல்லூரி ஆபீஸில் பெயர் மாற்றும் பொறுப்பில் இருந்தவர் நல்ல மனசுக்காரர். பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று ரசீதை வைத்தே முந்தின நாள் சாயங்காலமே மாற்றிவிட்டார். மகன் என்று இருந்த இடத்தில் மகள் என்றும் போட்டுவிட்டார். அதைக் கேட்டுத்தான் நான் அப்படிச் சிரித்தேன். அத்தனை வருஷம் காத்திருந்து, கூப்பிட்ட அன்று ஆள் இல்லை!

அக்காவும் சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "ஏய், ஆப்சென்ட் போட்டாங்களான்னு கேளு" என்றாள்.

கேட்டேன். போட்டார்களாம்.

"அப்போ மெசேஜ்?"

எனக்கு முதலில் புரியவில்லை. நான்தான் லீவே போட்டதில்லையே. என் அப்பாவுக்கு அந்த மெசேஜ் ஒருமுறைகூட வந்ததில்லை. லீவு போடுவதில் கைதேர்ந்த அக்கா அதை மனப்பாடமாகச் சொன்னாள். "எங்கம்மாக்கு வாராவாரம் வந்துகினேதான் கீது. 'அன்புடைய பெற்றோர்க்கு, தங்கள் மகள்'னு போட்டு, பேரு போட்டு, 'இன்று கல்லூரிக்கு வரவில்லை'. இரண்டாவது பீரியட் முடியறதுக்குள்ள போயிடும்." இரண்டாவது பீரியட் எப்போதோ முடிந்திருந்தது.

 ரயில் ஓடுகிறது, காற்று அடிக்கிறது, எனக்கு மட்டும் எல்லாம் நின்றுவிட்டது. தங்கள் மகள். அப்பாவுக்கு மகளே கிடையாது, நான் ஒரே பிள்ளை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்ததே என்று அந்த நல்ல மனசுக்காரரைத் திட்டினேன். என்னைத் திட்டினேன். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்த அக்காவையும் திட்டினேன்.

"இப்போவாவது எதாவது சொல்லுக்கா!"

"நீ இன்னா..." என்று ஆரம்பித்தவள், என் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அப்பாவின் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அதனால் அந்த மெசேஜ் கிளம்பிவிட்டது, ஆனால் யாரும் படிக்கவில்லை. கேட்டருகே ஒரு மர அலமாரியில், நூற்றுக்கணக்கான போன்களுக்கு நடுவே, அணைத்து வைத்த ஒரு போன் விழிப்பதற்காக அது காத்திருக்கிறது. வேலை முடிந்து சங்கு ஊதினால் அப்பா வந்து எடுத்துவிடுவார். அதற்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும். எந்திரம் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. தெரியத்தான் வேண்டும் என்றால் நான் சொல்லித் தெரியட்டும். நான் இதைச் சொன்னபோது அக்கா, "வா" என்று மட்டும் சொன்னாள்.

ஆவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாக நின்றோம். என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். 'அப்பா, கோபப்படாம கேளுங்க' என்று ஆரம்பித்தால் கட்டாயம் கோபம் வரும். 'அப்பா, நான் உங்க பொண்ணு' என்றால் சினிமா வசனம் மாதிரி இருக்கிறது. அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன். சங்கு ஊதியது.

ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அப்பா போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை அங்கேயே நிறுத்தினார்.

"ஏலே, நீ எங்கலே இங்க? அம்மைக்கு ஏதும் முடியலையா?"

"அம்மா நல்லா இருக்காங்கப்பா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வீட்ல சொல்லப்படாதா?" என்றபடி பழக்கதோஷத்தில் போனை எடுத்து உயிர்கொடுத்தார். நான் வாயைத் திறக்கிறேன், அது டிங் டிங் என்கிறது. மறுபடி திறக்கிறேன், மறுபடி டிங். அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். நான் அவர் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

படித்து முடித்து நிமிர்ந்தவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தேகம்கூட இல்லை. நாக்கால் ச்சு ச்சு என்றார்.

"இதப் பாத்தியாலே? உன் காலேஜ்லேர்ந்துதான். எவனோ பெத்த பிள்ளை இன்னைக்கு வரலையாம், எனக்கு அனுப்பி வச்சிருக்கானுவ. இனிஷியலும் நம்ம இனிஷியலாப் போச்சு, அதான் மாத்திப் போட்டுட்டானுவ."

நான் அசந்துபோய் நின்றேன். எத்தனையோ விதமாகப் பயந்திருந்தேன், இதை மட்டும் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவருக்கு அது நான் என்று தோன்றவே தோன்றாது. தலையை ஆட்டினால் போதும். ஆமாப்பா, எப்பவும் இப்படித்தான் குழப்புவாங்க என்று சொல்லிவிட்டு, அவர் வண்டியிலேயே ஏறி வீட்டுக்குப் போய், அம்மா போடும் காபியைக் குடிக்கலாம். என் தலை பாதி ஆடியும்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அப்பா விடுகிற ஆளா! தப்பான அட்டையைப் பார்த்துவிட்டாரே. "பொம்பளப் பிள்ளைலா. எங்க போச்சோ, என்னமோ. அந்தத் தகப்பனுக்குத் தெரிய வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே மெசேஜுக்குக் கீழே இருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது கல்லூரியில் மெசேஜ் வேலையைப் பார்க்கும் பெண். பெயர் மாற்றிய விஷயம் அவருக்குத் தெரியாது. அப்பா பொறுமையாக விவரம் சொன்னார். எனக்கு மகள் கிடையாதும்மா, ஒரே பையன், இந்தப் பெயர் எங்கள் வீட்டில் இல்லை.

"சாரி சார், பேர் தப்பா ஏறியிருக்கும் போல. உங்க பையன் பேர் சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன். நல்லவேளை சொன்னீங்க. ஹால் டிக்கெட் லிஸ்ட் இன்னும் கொஞ்ச நேரத்துல யூனிவர்சிட்டிக்குப் போவுது."

அப்பா என் பழைய பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பேசு, எனக்காக ஒரே ஒரு வார்த்தை பேசு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் பேசவில்லை. அவள்மேல் வந்த ஆத்திரத்தில்தான் என் வாய் திறந்தது.

"அப்பா, சொல்லாதீங்க. அந்தப் பேரை மாத்த வேண்டாம். அந்தப் பொண்ணு நான்தான்."

பக்கத்தில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. யாரோ அப்பாவைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, பையன் வந்திருக்கானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை, கழுத்துவரை வளர்த்துக் கட்டியிருந்த முடியை, குர்த்தாவை, காலை, மறுபடி முகத்தை. இத்தனை நாளும் தினமும் பார்த்த பிள்ளையை முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். ஸ்பீக்கரில் இருந்த போனைக் காதில் வைத்தார், பிறகு எடுத்தார். அப்பா தடுமாறி நான் பார்த்ததில்லை. எனக்குப் பயம்கூடப் போய்விட்டது. ஐயோ, இவரை என்ன செய்துவிட்டேன் என்று மட்டும்தான் இருந்தது.

"ஹலோ சார்? லைன்ல இருக்கீங்களா? பேர மாத்தவா, வேணாமா?"

அப்பா தொண்டையைச் செருமினார். ஒருமுறை போதவில்லை, மறுபடியும் செருமினார்.

"வேண்டாம்மா. பேரு சரியாத்தான் இருக்கு. எம் பிள்ளைதான்."

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.  கேட்டது உண்மைதானா என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அப்பாவின் பக்கம் ஒரு அடி வைத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னைக்கு வீட்டுக்கு வராத. அம்மைகிட்ட நான் பேசுதேன். நான் சொல்லாம வராத."

அவ்வளவுதான். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.  ஒரே மூச்சில் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டை எடுத்துக்கொண்டாரே! அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். இதற்கு எப்படித் தயாராவது என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவின் வண்டி வளைவுவரை போய் நின்றது. திரும்பியது. எதிர்ப்பக்கமாகவே, திட்டுவாங்கிக்கொண்டே எங்களை நோக்கி வந்தது. மனசு மாறிவிட்டார், ஏறு என்று சொல்லப்போகிறார் என்று நான் எழுந்தேன். பையைக்கூட மாட்டிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறங்காமல் அக்காவிடம் பேசினார்.

"உனக்கு வீடு எங்கம்மா?"

"மேனாம்பேடு, அங்கிள்."

"வீட்ல பெரியவங்க இருக்காங்களா?"

"அம்மா கீறாங்க. இது இன்னிக்கு எங்க ஊட்லதான் இருக்கும், நீங்க பயப்படாதீங்க."

பயிற்சியை மீறி அவள் எனக்காகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அப்பா தலையாட்டினார். ஆக்சிலேட்டரை முறுக்கினார், பிறகு விட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று அவருக்குள் ஏதோ நடந்தது. கடைசியில் தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

"இருட்டப் போவுது. பொம்பளப் பிள்ளைய தனியா பஸ்ஸுல அனுப்பிராதம்மா. கூடவே கூட்டிட்டுப் போ."

அவர் போனபின் நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். முன்தினம்வரை எந்த நேரத்திலும் ஊர் சுற்றிவிட்டு வர எனக்குத் தடை இருந்ததில்லை. அப்பா என்னை மகள் என்று ஒத்துக்கொண்டது அந்தப் புதுத் தடை வழியாகத்தான். அதைச் சொன்னவர் வீட்டில் எனக்கு அன்று இடமில்லை.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "இன்னாடி சொல்லிட்டுப் போறாரு உங்கப்பா? எனுக்கு ஒண்ணியும் புரியல."

"வீட்டுக்கு வராதேங்கறாரு. தனியாப் போகாதேங்கறாரு."

"ரெண்டுல எது நெசம்?"

"ரெண்டும்தான்" என்றேன். அம்பத்தூர் பஸ் வந்தது. அக்கா முதலில் என்னை ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஏறிக்கொண்டாள்.